இன்டரப்ட்டுக்குப் பயந்தவர்

ஓஎஸ் பேப்பருக்கு முந்தின நாள் ராத்திரி நீங்க என்ன படிச்சிருப்பீங்கன்னு சொல்லட்டுமா? பேங்கர்ஸ் அல்காரிதம். அலொகேஷன், மேக்ஸ், நீட், அவெய்லபிள் என்று டேபிள் போட்டு, சேஃப் சீக்வென்ஸ் எழுதி, 13 மார்க்கை வாங்கிக்கிட்டு வந்து மறந்திருப்பீங்க. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் ஷார்டெஸ்ட் பாத் போட்டிருப்பீங்க. லேபில் செமஃபோர் வைத்து ப்ரொட்யூசர்-கன்ஸ்யூமர் புரோகிராம் எழுதியிருப்பீங்க. வைவாவில் டைனிங் ஃபிலாசஃபர்ஸ் கேட்டு முழி பிதுங்கியிருக்கும்.

இந்த நாலுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள். நம்மில் பாதிப் பேர் ஸ்பெல்லிங்கைப் பார்த்து டிஜ்க்ஸ்ட்ரா என்று படித்துவைத்திருக்கிறோமே, அவர்தான். சரியான உச்சரிப்பு டைக்ஸ்ட்ரா. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. நெதர்லாந்துக்காரர்.

மேதை என்று ஒரே வார்த்தையில் சொல்லி அவரைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் ஓஎஸ் விஷயத்தில் அவர் செய்ததெல்லாம் ஒரு பயத்திலிருந்து தொடங்கியது. அந்தப் பயம் என்ன, அதை வைத்து அவர் என்ன கட்டினார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அப்பா பார்த்த விளம்பரம்

1930 மே 11, ராட்டர்டாம். அப்பா பள்ளியில் கெமிஸ்ட்ரி ஆசிரியர். அம்மாவுக்குக் கணிதத்தில் நல்ல பயிற்சி உண்டு. பையனுக்கோ சட்டம் படித்து, ஐ.நா. சபையில் தன் நாட்டின் பிரதிநிதியாக உட்கார ஆசை. மார்க் நன்றாக வந்ததால் சயின்ஸ் பக்கம் திருப்பிவிட்டார்கள். (நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கு, இல்லையா?) லைடன் பல்கலைக்கழகத்தில் தியரெட்டிக்கல் ஃபிசிக்ஸ் படிக்கப் போனார்.

1951-ல் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கும் மூன்று வார வகுப்பு நடக்கப்போவதாக ஒரு விளம்பரம் வந்தது. அதைப் பார்த்த அப்பா பையனை அனுப்பிவைத்தார். அதன் தொடர்ச்சியாக 1952 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் வேலை கிடைத்தது. புரோகிராமர் என்ற வேலையில் நெதர்லாந்தில் சேர்ந்த முதல் ஆள் அவர்தான்.

ஆனால் அது ஒரு படிப்பாகவோ தொழிலாகவோ அன்று யாருக்கும் தோன்றவில்லை. ஃபிசிக்ஸா, புரோகிராமிங்கா என்று அவரே சில வருடம் தவித்தார். கடைசியில் தன் மேலாளர் வான் வைங்கார்டனிடம் போய்க் கேட்டார். கம்ப்யூட்டர் இனி எங்கேயும் போய்விடாது, புரோகிராமிங்கை மதிப்புள்ள ஒரு துறையாக்கும் ஆள் நீயாகவே இருக்கலாமே என்ற பொருளில் அவர் பதில் சொல்ல, டைக்ஸ்ட்ரா முடிவெடுத்தார். 1957-ல் மரியா டெபெட்ஸைத் திருமணம் செய்தபோது பதிவு அலுவலகத்தில் தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே இல்லையென்று அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள். தியரெட்டிக்கல் ஃபிசிசிஸ்ட் என்றே பதிவானது.

நாம் படிக்கும் ஷார்டெஸ்ட் பாத் அல்காரிதம் இதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. மரியாவோடு கடைவீதி சுற்றிவிட்டு ஒரு காஃபி கடையில் உட்கார்ந்திருந்த 20 நிமிடத்தில், பேனா பேப்பர் இல்லாமல் மனதிலேயே போட்டது. அது 1959-ல் அச்சில் வந்தது. இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள், அதனால் இதோடு விடுகிறேன்.

அந்தப் பயம்

1957 வாக்கில் எக்ஸ்1 என்ற புதிய மெஷின் தயாராகிக்கொண்டிருந்தது. ஹார்டுவேரை வடிவமைத்தவர்கள் லோப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும். அதற்கான அடிப்படை சாஃப்ட்வேர் டைக்ஸ்ட்ரா பொறுப்பு. ஒரு நாள் அவர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். ப்ரின்டரும் டேப் ரீடரும் மெதுவாகத்தான் ஓடும். அவை முடிக்கும்வரை சிபியு ஏன் வேடிக்கை பார்க்கணும்? அது தன் வேலையைப் பார்க்கட்டும், டிவைஸ் தயாரானதும் தட்டி எழுப்பட்டும். அதுதான் இன்டரப்ட்.

நமக்கு இது சாதாரண விஷயம். டைக்ஸ்ட்ரா அரண்டுபோனார்.

அவர் பயந்ததில் ஒரு நியாயம் இருக்கு. அதுவரை ஒரு புரோகிராமை அதே இன்புட்டோடு நூறு தடவை ஓட்டினால் நூறு தடவையும் அதே மாதிரிதான் ஓடும். பிழை இருந்தால் திரும்ப வரவழைத்துப் பிடித்துவிடலாம். இன்டரப்ட் வந்தால் அந்த உத்தரவாதம் போச்சு. எந்த இரண்டு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு நடுவிலும் அது குறுக்கிடலாம். இன்றைக்கு ஒரு இடத்தில், நாளைக்கு வேறு இடத்தில். ஆயிரம் தடவை சரியாக ஓடிவிட்டு, ஆயிரத்து ஒன்றாவது தடவை சிஸ்டம் விழும். ஏன் விழுந்தது என்று பார்க்கத் திரும்ப ஓட்டினால் ஒழுங்காக ஓடும். உங்கள் மல்டித்ரெட் புரோகிராம் ஹாஸ்டல் ரூமில் ஓடி, லேபில் டெமோ காட்டும்போது மட்டும் தொங்கியிருக்கிறதா? அதே வியாதிதான்.

முடிந்தவரை அந்த முடிவைத் தள்ளிப்போட்டார். நண்பர்கள் இருவரும் புகழ்ந்து பேசியே அவரைச் சம்மதிக்கவைத்தார்கள். சம்மதித்த பிறகு அவர் உட்கார்ந்து யோசித்தது ஒரே விஷயம்: டெஸ்ட் பண்ணிப் பிடிக்க முடியாத பிழையை, முதலிலேயே வராமல் தடுப்பது எப்படி? குறுக்கிடப்பட்ட புரோகிராமுக்குத் தான் குறுக்கிடப்பட்டதே தெரியக்கூடாது. அதன் ரெஜிஸ்டர்களை எடுத்துப் பத்திரமாக வைத்து, வேலை முடிந்ததும் இருந்தபடியே திருப்பி வைக்கணும். அப்படி எழுதிய இன்டரப்ட் ஹேண்ட்லர்தான் 1959-ல் அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கித்தந்த ஆய்வேட்டின் பொருளில் ஒரு பகுதி.

அடுத்த வருடம் யாப் ஸோனவெல்டுடன் சேர்ந்து எக்ஸ்1-க்கு ஆல்கால் 60 கம்பைலர் எழுதினார். கம்பைலர் ஓடும்வரை ஷேவ் பண்ணுவதில்லை என்று இருவரும் பேசிவைத்தார்கள். 1960 ஆகஸ்டில் கம்பைலர் ஓடியது. ஸோனவெல்ட் தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ரா கடைசிவரை எடுக்கவேயில்லை. போட்டோவில் நீங்க பார்க்கிற தாடி அதுதான்.

ரயில் கைகாட்டியும் கடன் கொடுக்கும் பேங்க்காரரும்

1962-ல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். அங்கே எக்ஸ்8 என்ற மெஷின் வர இருந்தது. பல பேருடைய புரோகிராம்களை ஒரே நேரத்தில் உள்ளே வைத்து ஓட்டும் சிஸ்டம் ஒன்று அதற்கு வேண்டும்.

இப்போது பயம் பல மடங்காகிவிட்டது. குறுக்கிடுவது டிவைஸ் மட்டும் இல்லை, ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாத பல புரோகிராம்கள். இருப்பது ஒரு சிபியு, ஒரு மெமரி, ஒரு ப்ரின்டர். ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கக்கூடாது. ஒன்று எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொண்டு மற்றதைப் பட்டினி போடக்கூடாது. எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடவும் கூடாது.

முதல் பிரச்னைக்கு அவர் ரயில்வேயிலிருந்து கைகாட்டியை எடுத்துக்கொண்டார். அதுதான் செமஃபோர். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் இருக்கும்போது கைகாட்டி இறங்காது, அடுத்த ரயில் வெளியே காத்திருக்கணும். ஒரு எண்ணும் இரண்டு செயல்களும் போதும் என்றார். ஒன்று எண்ணைக் குறைக்கப் பார்க்கும், முடியாவிட்டால் காத்திருக்கும். மற்றொன்று எண்ணைக் கூட்டும், காத்திருக்கும் ஒருவரை எழுப்பும். டச்சு வார்த்தைகளின் முதல் எழுத்தை வைத்து பி, வி என்று பெயர் வைத்தார். புத்தகத்தில் வெயிட், சிக்னல் என்று படிக்கிறோமே, அவை இவைதான்.

அடுத்தது, எல்லாரும் மாட்டிக்கொண்டு நிற்பது. இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் மரணத் தழுவல் என்று சொல்லலாம். நாம் டெட்லாக் என்கிறோம். இங்கேதான் பேங்க்காரர் வருகிறார்.

ஒரு தடவை மார்க்கை மறந்துவிட்டுப் பாருங்க. உங்களிடம் 10 டேப் டிரைவ் இருக்கு. மூன்று புரோகிராம். முதலாவதற்கு அதிகபட்சம் 8 வேணும், இப்போது கையில் 4. இரண்டாவதற்கு அதிகபட்சம் 4, கையில் 2. மூன்றாவதற்கு அதிகபட்சம் 9, கையில் 2. ஆக 8 போய்விட்டது, மீதி 2. இந்த நிலை பாதுகாப்பானது. மீதி 2-ஐ இரண்டாவதற்குக் கொடுத்தால் அது முடித்துவிட்டு 4-ஐத் திருப்பித் தரும். அந்த 4-ஐ முதலாவதற்குக் கொடுத்தால் அது முடித்து 8 தரும். அதில் மூன்றாவதும் முடித்துவிடும்.

இப்போது மூன்றாவது புரோகிராம் வந்து ஒரே ஒரு டிரைவ் கேட்கிறது. கையில்தான் 2 இருக்கே, கொடுத்தால் என்ன? கொடுத்தால் மீதி 1. இரண்டாவதற்கு இன்னும் 2 வேணும், முதலாவதற்கு 4, மூன்றாவதற்கு 6. எல்லாரும் தங்கள் அதிகபட்சத்தைக் கேட்க ஆரம்பித்தால் யாருக்கும் கொடுக்க முடியாது. அதனால் பேங்க்காரர் பெட்டியில் பணம் இருந்தும் இப்போது இல்லை, காத்திரு என்று சொல்லிவிடுகிறார். கடன் வாங்கியவர் திருப்பித் தர வழி இருக்கா என்று பார்த்துக் கொடுப்பவர் அவர். பெட்டியில் எவ்வளவு இருக்கு என்பதை மட்டும் பார்த்துக் கொடுப்பவர் இல்லை. ரிசோர்ஸ் கன்ட்ரோல் என்ற விஷயத்தின் சாரம் இதுதான்.

1965-ல் மாணவர்களுக்குத் தேர்வில் ஒரு கணக்கு கொடுத்தார்: டேப் டிரைவ்களுக்காகப் போட்டிபோடும் கம்ப்யூட்டர்கள். அதைச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்த தத்துவவாதிகளாக மாற்றியவர் டோனி ஹோர். ஆக, டைனிங் ஃபிலாசஃபர்ஸ் பிறந்ததே ஒரு எக்ஸாம் கொஸ்டின் பேப்பரில்தான்!

அடுக்கடுக்காய் ஒரு கர்னல்

எக்ஸ்8-ன் மெயின் மெமரி 32K வேர்டு, ஒரு வேர்டுக்கு 27 பிட். நம் கணக்கில் சுமார் 108 கேபி. பின்னால் சுழலும் டிரம்மில் 512K வேர்டு. இதை வைத்து ஆறு பேர், அதுவும் சராசரியாகப் பாதி நேரம் மட்டும் வேலை செய்து, பல்கலைக்கழகத்தின் டச்சுப் பெயர்ச் சுருக்கத்தையே பெயராகக் கொண்ட டி.எச்.இ. சிஸ்டத்தைக் கட்டினார்கள்.

கட்டிய விதம்தான் முக்கியம். அடித்தள அடுக்கு சிபியுவைப் பங்கிட்டது. கடிகார இன்டரப்ட்டை வைத்து, எந்தப் ப்ராசஸும் சிபியுவை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது. அதற்கு மேலே இருப்பவர்களுக்கு, சிபியு ஒன்றா பத்தா என்ற கவலையே வேண்டாம். அடுத்த அடுக்கு மெமரி. ஒரு பக்கம் கோரில் இருக்கா டிரம்மில் இருக்கா என்பது அதற்கு மேலே யாருக்கும் தெரியாது. டிரம்முக்குத் திருப்பி எழுதும்போது பழைய இடத்துக்கே போகவேண்டும் என்றில்லை, சுழற்சியில் எந்தக் காலி இடம் சீக்கிரம் வருகிறதோ அங்கே எழுதிவிடலாம். மூன்றாவது அடுக்கு ஆபரேட்டரின் கன்சோல். இருப்பது ஒன்றுதான், ஆனால் மேலே உள்ள ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கே ஒரு கன்சோல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். நான்காவது அடுக்கு டேப் ரீடர், ப்ரின்டருக்கான பஃபர்கள். அதற்கு மேலேதான் நம் மாதிரி ஆட்களின் புரோகிராம்.

எக்ஸ்8-ல் இதற்கெல்லாம் உதவும் மெமரி மேனேஜ்மென்ட் ஹார்டுவேர் கிடையாது. யூசர் புரோகிராம் ஆல்காலில் மட்டும்தான் வரலாம். வேண்டிய பக்கம் மெமரியில் இருக்கா என்று சிஸ்டத்தைக் கேட்கும் கோடைக் கம்பைலரே உள்ளே நுழைத்துவிடும். ஹார்டுவேர் போடாத வேலியைக் கம்பைலர் போட்டது. இன்றைக்கு லினக்ஸ் கர்னலுக்குள் இபிபிஎஃப் புரோகிராமை விடுவதற்கு முன் வெரிஃபையர் அதைப் படித்துப் பார்த்துத்தானே அனுமதிக்கிறது? அந்த யோசனைக்கு இது தூரத்துச் சொந்தம்.

அடுக்கு எதற்கு? டெஸ்ட் பண்ணத்தான். மொத்த சிஸ்டத்தையும் கட்டிவிட்டு டெஸ்ட் பண்ணினால் பார்க்கவேண்டிய நிலைகளுக்குக் கணக்கே இல்லை. அடித்தள அடுக்கை மட்டும் எடுத்தால் அவை எண்ணிவிடக்கூடிய அளவுதான். அதை முழுதாக உறுதி செய்த பிறகே அடுத்த அடுக்கை வைத்தார்கள். வெளிவந்த பிழைகள் சுமார் 500 இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஒன்று, எல்லாம் சின்ன எழுத்துப் பிழை மாதிரியானவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் அகப்பட்டது. அவர் பயந்த அந்தப் பேய்ப் பிழை, திரும்ப வரவழைக்க முடியாதது, தலைகாட்டவில்லை. குழுவில் இருந்த ஹாபர்மான் இந்தப் ப்ராசஸ்கள் சிக்கிக்கொள்ளாமல் ஒத்துழைக்கும் என்பதைப் பற்றியே ஆய்வேடு எழுதினார். பின்னர் பேங்கர்ஸ் அல்காரிதத்தைப் பல வகை ரிசோர்ஸ்களுக்கு விரித்ததும் அவர்தான். நீங்க டேபிளில் ஏ, பி, சி என்று மூன்று காலம் போடுவது அவர் புண்ணியம்.

1967 அக்டோபரில் அமெரிக்காவின் டென்னசியில் நடந்த ஓஎஸ் மாநாட்டில் டைக்ஸ்ட்ரா இதைப் படித்தார். 1968 மேயில் கட்டுரை அச்சில் வந்தது. சில பக்கம்தான், இன்றும் படிக்கலாம்.

விலை

இத்தனைக்கும் பிறகு அவருக்கு என்ன கிடைத்தது என்று நினைக்கிறீங்க?

அவர் இருந்தது கணிதத் துறையில். இதெல்லாம் நம் துறையின் வேலையே இல்லை என்ற எண்ணம் அங்கே இருந்தது. அவர் கட்டிய குழு கலைக்கப்பட்டது. 1968-ல் டைக்ஸ்ட்ரா கடுமையான மன அழுத்தத்தில் விழுந்தார். அடுத்து என்ன செய்வது என்று புரியாததும் சேர்ந்துகொண்டது. கம்பைலரும் டி.எச்.இ. சிஸ்டமும் வெறும் கை பழகிய பயிற்சிகள்தான், உண்மையான கேள்வியை இன்னும் தொடவேயில்லை என்று அவருக்குத் தோன்றியது. கஷ்டமான ஒன்றை மனித மூளை பிழையில்லாமல் செய்வது எப்படி என்பதுதான் அந்தக் கேள்வி.

அதிலிருந்து வெளியே வர அவர் எழுத ஆரம்பித்தார். மருந்து மாதிரிதான் எழுதினார். அப்படி வந்ததுதான் ஸ்ட்ரக்சர்டு புரோகிராமிங் பற்றிய அவருடைய குறிப்புகள். இஃப், ஒயில், ஃபங்ஷன் என்று இன்றைக்கு நாம் யோசிக்காமலே எழுதும் ஒழுங்கு பரவியதில் அந்தக் குறிப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1972-ல் டூரிங் விருது வந்தது.

அப்புறம் பர்ரோஸ் கம்பெனியின் ஆய்வாளராக வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். 1984-ல் அமெரிக்காவின் ஆஸ்டினுக்குப் போய் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1999 வரை கற்பித்தார். தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் போட்டு, வரிசை எண் கொடுத்து 1,300-க்கும் மேற்பட்ட குறிப்புகள் எழுதினார். பெரும்பாலானவை ஃபவுன்டன் பேனாவால் அழகான கையெழுத்தில். நகல் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார், அவர்கள் நகல் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார்கள்.

குறையும் சொல்லணும். நாக்கு கூர்மை. பிடிக்காத மொழிகளையும் அவற்றைப் பயன்படுத்துபவர்களையும் ஒரே அடியாக அடித்துவிடுவார், பலர் அதில் காயப்பட்டார்கள். தொழில்துறையும் அவர் சொன்ன வழியில் முழுதாகப் போகவில்லை. பேங்கர்ஸ் அல்காரிதத்துக்கு ஒவ்வொரு புரோகிராமும் தன் அதிகபட்சத் தேவையை முன்கூட்டியே சொல்லவேண்டும். உங்கள் பிரவுசர் அப்படிச் சொல்லுமா? அதனால் நிஜ கர்னல்களில் அதைப் பார்ப்பது அபூர்வம். லினக்ஸ் மெமரியை வாரிக் கொடுத்துவிட்டு, தீர்ந்துபோனால் ஒரு ப்ராசஸைப் பிடித்துக் கொன்றுவிடும். ஓஓஎம் கில்லர் வேலை அதுதான்.

ஆனால் கேள்வி அவருடையதாகவே இருக்கிறது. 2008-ல் லினக்ஸில் சேர்ந்த சி-குரூப், ஒரு ப்ராசஸ் கூட்டத்துக்கு இவ்வளவு சிபியு, இவ்வளவு மெமரிதான் என்று எல்லை போடுகிறது. நேம்ஸ்பேஸ், இந்த மெஷினே உனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொரு கன்டெய்னரையும் நம்பவைக்கிறது. ஒரே கன்சோலை எல்லாருக்கும் தனித்தனி கன்சோலாகக் காட்டிய அந்த அடுக்கு ஞாபகம் வருதா? நீங்க ப்ராஜெக்டுக்கு டாக்கர் கன்டெய்னர் ஏற்றும்போதெல்லாம் இதே வித்தையைத்தான் பெரிய அளவில் பயன்படுத்துறீங்க.

2002 ஆகஸ்ட் 6-ம் தேதி, நெதர்லாந்தின் நூனனில், தன் வீட்டில், புற்றுநோயால் இறந்தார். வயது 72.

அடுத்த தடவை லேபில் உங்கள் புரோகிராம் பத்து தடவை சரியாக ஓடி, பதினோராவது தடவை தொங்கினால், இன்னொரு தடவை ரன் பண்ணிப் பார்க்கலாம் என்றுதான் கை போகும். ஓடிவிட்டால் நிம்மதியாக அப்ஸர்வேஷன் நோட்டில் எழுதிவிடத் தோன்றும். அந்த இடத்தில் டைக்ஸ்ட்ரா பயந்தார். நீங்களும் கொஞ்சம் பயந்து, கீபோர்டிலிருந்து கையை எடுத்து, ஒரு பேப்பரில் எந்தப் ப்ராசஸ் எதைப் பிடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருக்கிறது என்று வரைந்து பாருங்க. மாட்டிக்கொண்ட இடம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.